எண்முறை இசைத் தொகுப்பு இடமாற்றம்

எண்முறை இசைத் தொகுப்பு இடமாற்றம் என்பது ஒருவர் தம் கணினியில் சேர்த்து வைத்துள்ள இசைக் கோப்புகளையும் அவற்றைப் பற்றிய பதிவுகளையும் வேறொரு கணினிக்குக் கொண்டு செல்லும் செயல் ஆகும். பழைய கணினி பழுதடைதல், புதிய கணினி வாங்குதல், இயங்குதளத்தை மாற்றுதல் ஆகியன இதற்கான பொதுவான காரணங்கள். ஒலித்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் பெட்டியில் அடுக்கி எடுத்துச் செல்வது போல, எண்முறை இசையையும் கோப்புறையைப் படியெடுத்து மாற்றிவிடலாம் என்று கருதுவோர் பலர். ஆயினும் ஓர் எண்முறை இசைத் தொகுப்பு ஒலிக் கோப்புகளால் மட்டும் ஆனதன்று. ஒலிக் கோப்புகள், அவற்றை ஒழுங்குபடுத்தும் தரவுத்தளம், சில கோப்புகளை இசைப்பதற்குத் தேவையான உரிமம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தொகுப்பு ஆகும். இம்மூன்றும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை விட்டுவிடும்போதே இழப்புகள் நேர்கின்றன.

பின்னணி

குறுந்தட்டில் ஒலி ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகளாக, மாதிரி ஒன்றுக்கு 16 பிட்டுகள் என்ற அளவில், இரு தடங்களில் பதியப்படுகிறது. இது நொடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகும். ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட்டு இடம் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் தரப்படுத்தப்பட்ட எம்பி3 முறை, மனிதச் செவி எளிதில் உணராத ஒலிக்கூறுகளை நீக்கிக் கோப்பைச் சுருக்கியது. நொடிக்கு 128 கிலோபிட்டு அளவில் சுருக்கப்பட்ட ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 1 மெகாபைட்டு போதும். இதனால் வீட்டுக் கணினியின் வன்தட்டில் பல நூறு குறுந்தட்டுகளின் இசையைச் சேர்த்து வைப்பது இயல்வதாயிற்று.

தொகுப்புகள் பெருகியதால் அவற்றை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்களும் வந்தன. ஆப்பிள் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் சவுண்ட்ஜாம் எம்பி என்னும் மென்பொருளை வாங்கி, அதன் அடிப்படையில் 2001 சனவரியில் ஐடியூன்ஸ் மென்பொருளை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஐபாட் என்னும் கையடக்க இசைக்கருவியும், 2003 ஏப்ரலில் இணைய இசை அங்காடியும், 2003 அக்டோபரில் விண்டோஸ் இயங்குதளத்துக்கான ஐடியூன்ஸ் பதிப்பும் வந்தன. பாடல்களை வாங்குதல், அடுக்குதல், கருவிக்கு மாற்றுதல் ஆகிய அனைத்தும் ஒரே மென்பொருளில் அமைந்தன. பயனர் கோப்புறைகளை நேரடியாகக் கையாள வேண்டிய தேவை குறைந்தது. தம் பாடல்கள் வன்தட்டில் எங்கே உள்ளன என்பது பயனருக்கே தெரியாத நிலையும் இதனால் உருவாயிற்று. கணினியை மாற்றும் நாளில்தான் இது பெரும்பாலும் தெரியவரும்.

தொகுப்பின் கூறுகள்

ஒலிக் கோப்புகள்

எம்பி3, ஏஏசி, டபிள்யூஎம்ஏ ஆகியன இழப்புள்ள சுருக்க வடிவங்கள். பிளாக், ஆப்பிள் லாஸ்லெஸ் ஆகியன இழப்பற்ற சுருக்க வடிவங்கள். படியெடுப்பதால் இவற்றின் ஒலித்தரம் குறைவதில்லை. நகலும் மூலமும் பிட்டுக்குப் பிட்டு ஒன்றே. ஆனால் இழப்புள்ள ஒரு வடிவத்திலிருந்து இழப்புள்ள மற்றொரு வடிவத்துக்கு மாற்றினால் தரம் மேலும் குறையும். எனவே இடமாற்றத்தின்போது வடிவ மாற்றத்தைத் தவிர்ப்பது நன்று.

கோப்பினுள் உள்ள குறிப்புகள்

பாடலின் பெயர், பாடியவர், தொகுப்பின் பெயர், ஆண்டு முதலிய விவரங்கள் எம்பி3 கோப்பினுள் ஐடி3 என்னும் குறிப்புகளாக எழுதப்படுகின்றன. 1996 ஆம் ஆண்டின் முதற் பதிப்பு கோப்பின் இறுதியில் 128 பைட்டுகளைக் கொண்டது. அதில் பாடற் பெயருக்கு 30 பைட்டுகளே உண்டு. 1998 இல் வந்த இரண்டாம் பதிப்பு நீண்ட பெயர்கள், உறைப்படம், ஒருங்குறி எழுத்துகள் ஆகியவற்றுக்கு இடம் தந்தது. இக்குறிப்புகள் கோப்பின் பகுதியாகவே இருப்பதால் கோப்புடன் தாமாகவே இடம் பெயர்கின்றன.

தரவுத்தளம்

இசை மென்பொருள் தனக்கென ஒரு தரவுத்தளக் கோப்பை வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பாடலின் கோப்புப் பாதை, தொகுப்பில் சேர்க்கப்பட்ட நாள், எத்தனை முறை இசைக்கப்பட்டது, கடைசியாக எப்போது இசைக்கப்பட்டது, பயனர் தந்த விண்மீன் மதிப்பீடு, பாடற் பட்டியல்கள் ஆகியன இதில் உள்ளன. இவற்றுள் பல ஒலிக் கோப்பினுள் எழுதப்படுவதில்லை. ஐடியூன்ஸ் மென்பொருளில் விண்மீன் மதிப்பீடும் இசைக்கப்பட்ட எண்ணிக்கையும் தரவுத்தளத்தில் மட்டுமே உள்ளன. ஒலிக் கோப்புகளை மட்டும் எடுத்துச் சென்று புதிய கணினியில் சேர்த்தால் எல்லாப் பாடல்களும் இசைக்கும். ஆனால் அனைத்தும் அன்று சேர்க்கப்பட்டவையாகவும், ஒரு முறைகூடக் கேட்கப்படாதவையாகவும் காட்டப்படும்.

ஒலிக் கோப்பு தொலைந்தால் குறுந்தட்டிலிருந்தோ அங்காடியிலிருந்தோ மீண்டும் பெற இயலும். பத்தாண்டுகளாகச் சேர்ந்த பட்டியல்களையும் கேட்ட வரலாற்றையும் எந்த அங்காடியிலும் வாங்க இயலாது. அளவிற் சிறியதாயினும் தொகுப்பில் மாற்று இல்லாத பகுதி இதுவே.

உரிமம்

இணைய அங்காடிகளில் வாங்கிய சில பாடல்கள் எண்முறை உரிம மேலாண்மை என்னும் பூட்டுடன் வந்தன. இத்தகைய கோப்பைப் படியெடுக்கலாம்; ஆனால் புதிய கணினி அங்காடியின் வழங்கியிடம் அனுமதி பெறாமல் அதனை இசைக்க இயலாது. ஐடியூன்ஸ் அங்காடியின் பேர்பிளே முறையில், ஒரு கணக்கின் கீழ் முதலில் மூன்று கணினிகளும் 2004 முதல் ஐந்து கணினிகளும் அனுமதிக்கப்பட்டன. குறுந்தட்டிலிருந்து தாமே பாடல்களை எடுத்தவர்களுக்கும் இச்சிக்கல் உண்டு. விண்டோஸ் மீடியா பிளேயரின் பழைய பதிப்புகளில் படிப் பாதுகாப்புத் தெரிவு இயங்கும் நிலையில் இருந்திருந்தால், எடுக்கப்பட்ட கோப்புகள் அக்கணினியுடனேயே பிணைக்கப்பட்டன.

இடமாற்ற முறை

மென்பொருளுக்கு மென்பொருள் கட்டளைகள் வேறுபட்டாலும் பொது ஒழுங்கு ஒன்றே. ஐடியூன்ஸ் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அது கீழே தரப்படுகிறது.

1. ஒன்றுசேர்த்தல்: பாடல்கள் ஒரே கோப்புறையில் இல்லாமல் மேசைத்தளம், பதிவிறக்கக் கோப்புறை, வேறு வன்தட்டு எனச் சிதறிக் கிடக்கலாம். நூலகத்தை ஒழுங்குபடுத்தும் பகுதியிலுள்ள 'கன்சாலிடேட் பைல்ஸ்' என்னும் கட்டளை, தரவுத்தளத்தில் பதிவான எல்லாக் கோப்புகளையும் ஐடியூன்ஸ் கோப்புறைக்குள் படியெடுத்து வைக்கிறது. மூலக் கோப்புகள் பழைய இடத்திலேயே இருப்பதால், வன்தட்டில் கூடுதல் இடம் வேண்டும்.

2. மென்பொருளை மூடுதல்: மென்பொருள் இயங்கும்போது தரவுத்தளக் கோப்பைப் படியெடுத்தால் அந்நகல் முழுமையற்றதாக இருக்கக்கூடும்.

3. முழுக் கோப்புறையையும் படியெடுத்தல்: ஒலிக் கோப்புகள் உள்ள உட்கோப்புறையை மட்டும் எடுக்காமல், தரவுத்தளக் கோப்பும் அடங்கிய மேல்நிலைக் கோப்புறையை முழுவதுமாக வெளி வன்தட்டுக்கோ வலையமைப்பு வழியாகப் புதிய கணினிக்கோ படியெடுக்க வேண்டும்.

4. புதிய கணினியில் தெரிவு செய்தல்: விண்டோஸ் கணினியில் சிப்ட் விசையையும் மாக் கணினியில் ஆப்சன் விசையையும் அழுத்தியவாறு மென்பொருளைத் திறந்தால், எந்தத் தொகுப்பைப் பயன்படுத்துவது என்று அது கேட்கும். படியெடுத்த தொகுப்பை அங்கே காட்ட வேண்டும்.

5. உரிமத்தை மாற்றுதல்: புதிய கணினிக்கு அனுமதி பெற்று, பழைய கணினியின் அனுமதியை நீக்க வேண்டும். வன்தட்டை அழிப்பதால் மட்டும் அனுமதி நீங்குவதில்லை. அழிக்கப்பட்ட கணினியும் ஐந்தில் ஒன்றாகக் கணக்கில் நிற்கும்.

6. சரிபார்த்த பின்னரே பழைய கணினியை அழித்தல்.

2019 அக்டோபரில் வெளியான மாக் ஓஎஸ் காட்டலினாவில் ஐடியூன்ஸ் நீக்கப்பட்டு, மியூசிக் என்னும் செயலி அதன் இடத்தைப் பெற்றது. விண்டோஸ் இயங்குதளத்துக்கான ஆப்பிள் மியூசிக் செயலி 2024 பிப்ரவரியில் முழுமையாக வெளியிடப்பட்டது. செயலிகள் மாறினாலும் ஒலிக் கோப்பு, தரவுத்தளம், உரிமம் என்னும் பிரிவு மாறவில்லை.

நேர அளவு

நொடிக்கு 256 கிலோபிட்டு அளவிலான நான்கு நிமிடப் பாடல் ஏறத்தாழ 7.7 மெகாபைட்டு ஆகும். 10,000 பாடல்கள் கொண்ட தொகுப்புக்கு ஏறத்தாழ 77 கிகாபைட்டு வேண்டும். நொடிக்கு 30 மெகாபைட்டு வேகத்தில் இயங்கும் யூஎஸ்பி 2.0 வன்தட்டுக்கு இதைப் படியெடுக்க முக்கால் மணி நேரம் ஆகும். நொடிக்கு 100 மெகாபிட்டு வேகமுள்ள வலையமைப்பில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கோப்புப் பாதையும் பெயரும்

தரவுத்தளமும் பாடற் பட்டியல்களும் பாடலை அதன் கோப்புப் பாதையால் அறிகின்றன. பழைய கணினியில் டி வட்டில் இருந்த பாடல்கள் புதிய கணினியில் ஈ வட்டில் வைக்கப்பட்டால், கோப்புகள் நலமாக இருந்தும் மென்பொருளால் அவற்றைக் காண இயலாது. ஐடியூன்ஸ் இத்தகைய பாடல்களின் அருகில் வியப்புக்குறி இட்டுக் காட்டும். எம்3யூ வகைப் பாடற் பட்டியல்களில் முழுப் பாதைக்கு மாறாக, பட்டியல் இருக்கும் கோப்புறையிலிருந்து தொடங்கும் சார்புப் பாதையை எழுதினால் இச்சிக்கல் எழுவதில்லை.

இயங்குதளம் மாறும்போது கோப்புப் பெயர்களும் இடையூறு தரக்கூடும். விண்டோஸ் கோப்புப் பெயர்களில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள்குறி, சாய்கோடு முதலிய குறிகள் இடம்பெற இயலாது. மாக் கணினியில் கேள்விக்குறியுடன் பெயரிடப்பட்ட பாடலை விண்டோசுக்கு மாற்றும்போது படியெடுப்பு தடைப்படலாம். விண்டோசில் ஒரு கோப்பின் முழுப் பாதை 260 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்பது இயல்பான வரம்பு. 2016 முதல் விண்டோஸ் 10 இல் இவ்வரம்பை நீக்கும் தெரிவு உண்டு. லினக்ஸ் கோப்பு முறைமைகள் பொதுவாக இலத்தீன் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கொள்கின்றன. எனவே விண்டோசில் வேலை செய்த பட்டியல் லினக்சில் வேலை செய்யாமல் போகலாம்.

தமிழ் எழுத்துகள்

தமிழில் பெயரிடப்பட்ட பாடல்களுக்கு மேலும் இரு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, பழைய குறியேற்றங்கள். ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி, டாப் முதலிய குறியேற்றங்களில் தட்டெழுதப்பட்ட ஐடி3 குறிப்புகள், அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற இலத்தீன் குறிகளாகத் தெரியும். இவை சிதைந்துவிடவில்லை. குறியேற்ற மாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றினால் மீண்டும் படிக்கலாம்.

இரண்டாவது, ஒருங்குறிக்குள்ளேயே உள்ள இருவகை வடிவம். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்க் குறிகளை ஒருங்குறியில் இரு வகையாக எழுத இயலும். 'கொடி' என்னும் சொல்லின் முதல் எழுத்தில், மெய்யைச் சூழ்ந்து நிற்கும் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. 1998 முதல் மாக் கணினிகளில் பயன்பட்ட எச்எப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. விண்டோசும் லினக்சும் பொதுவாகக் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கின்றன. இதனால் பழைய மாக்கிலிருந்து லினக்சுக்கு மாற்றிய கோப்பின் பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் பார்வைக்கு ஒன்றாக இருந்தும் பொருந்தாமல் போகலாம். ஆங்கிலப் பெயருள்ள பாடல்கள் இசைக்க, கொகரமோ கோகாரமோ உள்ள பாடல்கள் மட்டும் இசைக்காமல் இருப்பது இதன் அறிகுறி. கான்வ்எம்வி என்னும் கட்டற்ற மென்பொருள் பெயர்களைச் சேர்த்த வடிவுக்கு மாற்றித் தருகிறது.

கையடக்கக் கருவியிலிருந்து மீட்டல்

பழைய கணினி முற்றிலும் பழுதடைந்து, கையடக்கக் கருவியில் மட்டும் பாடல்கள் எஞ்சுவதும் உண்டு. ஐபாட் கணினியிலிருந்து பாடல்களைப் பெறுமாறு வடிவமைக்கப்பட்டது. எதிர்த்திசையில் மாற்ற ஐடியூன்ஸ் முதலில் வழி தரவில்லை. புதிய கணினியுடன் இணைத்து ஒத்திசைத்தால், புதிய கணினியின் வெற்றுத் தொகுப்புக்கு ஏற்பக் கருவியில் இருந்த பாடல்களும் அழியும் வாய்ப்பு இருந்தது. 2006 செப்டம்பரில் வந்த ஐடியூன்ஸ் 7, அங்காடியில் வாங்கிய பாடல்களை மட்டும் ஐபாடிலிருந்து அனுமதி பெற்ற கணினிக்கு மாற்ற இடம் தந்தது. ஏனைய பாடல்கள் ஐபாடின் மறைவான கோப்புறையில் நான்கெழுத்துப் பெயர்களுடன் கலைந்து கிடக்கும். மறை கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கி அவற்றைப் படியெடுக்கலாம். ஐடி3 முதலிய குறிப்புகள் கோப்பினுள்ளேயே இருப்பதால், இசை மென்பொருளில் சேர்த்தவுடன் பாடற் பெயர்கள் மீண்டும் தோன்றும்.

உரிம வழங்கிகள் மூடப்படுதல்

பூட்டிய பாடல்களின் இடமாற்றம், அவற்றை விற்ற நிறுவனத்தின் வழங்கி இயங்குவதைச் சார்ந்தது. 2008 ஆம் ஆண்டு நிகழ்வுகள் இதனை வெளிப்படுத்தின.

* மைக்ரோசாப்ட் நிறுவனம், 2006 இல் விற்பனையை நிறுத்தியிருந்த எம்எஸ்என் மியூசிக் அங்காடியின் பாடல்களுக்கு 2008 ஆகத்து 31 ஆம் நாளுக்குப் பின் புதிய கணினிகளில் அனுமதி தரப்படாது என்று 2008 ஏப்ரலில் அறிவித்தது. எதிர்ப்புக்குப் பின்னர், குறைந்தது 2011 இறுதி வரை வழங்கி இயங்கும் என்று மாற்றிக்கொண்டது.
* யாகூ நிறுவனத்தின் இசை அங்காடி 2008 செப்டம்பர் 30 அன்று தன் உரிம வழங்கியை மூடுவதாக அறிவித்தது. வாங்கியவர்களுக்கு ஈட்டுச் சீட்டோ பணமோ தரப்பட்டது.
* வால்மார்ட் நிறுவனம் 2008 அக்டோபர் 9 அன்று தன் வழங்கியை மூடுவதாக அறிவித்துப் பின்னர் அம்முடிவை ஒத்திவைத்தது.

பாடல்களைக் குறுந்தட்டில் எழுதி வைத்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அவ்வாறு எழுதியதை மீண்டும் சுருக்கும்போது ஒலித்தரம் குறையும். பணம் கொடுத்து வாங்கிய பாடல் எவ்வளவு காலம் இசைக்கும் என்பதை வாங்கியவர் தீர்மானிக்க இயலாது என்பது இந்நிகழ்வுகளால் தெளிவாயிற்று. ஐடியூன்ஸ் அங்காடி 2007 இல் ஈஎம்ஐ நிறுவனப் பாடல்களைப் பூட்டின்றி விற்கத் தொடங்கியது. 2009 இல் அனைத்துப் பாடல்களும் பூட்டின்றி விற்கப்பட்டன. இன்று வாங்கிப் பதிவிறக்கும் பாடல்களில் பெரும்பாலும் இச்சிக்கல் இல்லை. சந்தா முறையில் பதிவிறக்கிய பாடல்கள் பூட்டுடனேயே உள்ளன. அவை சந்தா முடிந்தவுடன் இசைக்கா.

சரிபார்த்தலும் காப்பு நகலும்

படியெடுப்பு முடிந்தது என்று கணினி காட்டுவது முழுமைக்குச் சான்றாகாது. முதற்கட்டமாக இரு கணினிகளிலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்தப் பைட்டுகளையும் ஒப்பிடலாம். உறுதியான சோதனைக்கு எம்டி5, எஸ்எச்ஏ-256 முதலிய முறைகளில் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு சுருக்க எண் கணக்கிடப்படுகிறது. இரு பக்கமும் எண் ஒத்திருந்தால் கோப்பும் ஒன்றே. பிளாக் வடிவக் கோப்புகளில் மூல ஒலியின் எம்டி5 எண்ணைக் கோப்பினுள்ளேயே எழுதி வைக்கும் வசதி உண்டு. எனவே மூலக் கோப்பு இல்லாமலேயே அவற்றைச் சோதிக்கலாம்.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியதுண்டு. மைஸ்பேஸ் இணையத்தளத்தில் 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய இசைக் கோப்புகள், வழங்கி இடமாற்றம் ஒன்றின்போது அழிந்துவிட்டன என்பது 2019 மார்ச்சில் பரவலாகத் தெரியவந்தது. இழந்த பாடல்கள் ஐந்து கோடிக்கு மேல் எனச் செய்திகள் தெரிவித்தன. அத்தளத்தை மட்டுமே சேமிப்பிடமாக நம்பியிருந்த இசைக்குழுக்கள் தம் தொடக்க காலப் பதிவுகளை இழந்தன.

இணையச் சேமிப்பும் நிலையானதன்று. பயனர்கள் தம் பாடல்களை ஏற்றிவைக்க இடம் தந்த கூகுள் பிளே மியூசிக் சேவை 2011 இல் தொடங்கி 2020 இறுதியில் மூடப்பட்டது. தொகுப்புகளை யூடியூப் மியூசிக் சேவைக்கு மாற்றிக்கொள்ளக் காலக்கெடு தரப்பட்டது. கெடுவைத் தவறவிட்டவர்களின் தொகுப்புகள் நீக்கப்பட்டன. எனவே பழைய கணினி, புதிய கணினி ஆகியன தவிர, வேறோர் இடத்தில் வைக்கப்பட்ட மூன்றாவது நகல் ஒன்றும் பரிந்துரைக்கப்படுகிறது.

சட்டநிலை

கோப்பு ஒன்றை இன்னொரு கணினிக்கு 'நகர்த்துவது' என்பது வழக்குச் சொல்லே. உண்மையில் புதிய நகல் ஒன்று உருவாகிறது. பழையது பின்னர் அழிக்கப்படுகிறது. இதனால் பதிப்புரிமைச் சட்டத்தில் கேள்விகள் எழுகின்றன. அமெரிக்காவில் ரியோ என்னும் எம்பி3 கருவி தொடர்பான 1999 ஆம் ஆண்டு வழக்கில், தம் கணினியில் உள்ள இசையைத் தம் கருவிக்குப் படியெடுப்பது வணிக நோக்கமற்ற தனிப்பட்ட பயன்பாடு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மாறாக, பயன்படுத்திய எண்முறைப் பாடல்களை மறுவிற்பனை செய்த ரீடிஜி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், கோப்பை மாற்றுவது நகலெடுத்தலே என்று 2013 இலும் மேல்முறையீட்டில் 2018 இலும் தீர்ப்பளிக்கப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான படியெடுப்பு 2014 அக்டோபரில் அனுமதிக்கப்பட்டது. 2015 சூலையில் உயர் நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. இந்தியாவில் 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகை பதிப்புரிமை மீறல் ஆகாது. ஆயினும் உரிமை மீறும் நோக்குடன் பாதுகாப்புப் பூட்டை உடைப்பது அதே திருத்தத்தால் தண்டனைக்குரியதாயிற்று.